கோட்டு உடம்பு

கிள்ளானில் செத்துப்போன ஆண்களில் பாதிப்பேர் என் அண்ணன் உடம்போடுதான் சுவரில் தொங்குகிறார்கள். பொய்யில்லை. நீங்களும் இந்தப் பக்கத்து ஆள் என்றால், கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் உங்கள் அப்பாவையோ சித்தப்பாவையோ ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. டையின் முடிச்சு கொஞ்சம் இடப்பக்கமாகச் சரிந்திருக்கிறதா? அப்படியானால் கழுத்துக்குக் கீழே இருப்பவன் என் அண்ணன் லோகன். கழுத்துக்கு மேலேதான் உங்கள் அப்பா.

இதை வைத்துத்தான் என் அண்ணி சீதாலெட்சுமி காண்பியக் கலையில் முதுகலைப் பட்டம் வாங்கினார். நாற்பத்தெட்டு வயதில். சும்மா வாங்கவில்லை, சண்டை போட்டு வாங்கினார். நாத்தனார் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது ஊர் வழக்கம் இல்லை. ஊர் வழக்கத்தைத் தூக்கிச் சுமக்க எனக்கு முதுகு வலி, அதனால் நானே சொல்கிறேன்.

அண்ணிக்கு வேலை கிள்ளான் லிட்டில் இந்தியாவில், வேலா போட்டோ கடையில். முதலாளி வேலாயுதம். கல்யாண ஆல்பம், கோயில் திருவிழா பேனர், பாஸ்போர்ட் படம் எல்லாம் உண்டு. ஆனால் கடையைத் தூக்கி நிறுத்தியது சாவுப் படம்தான். நம் ஆட்கள் உயிரோடு இருக்கும்போது தனியாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆள் போன பிறகு, பதினாறாம் நாள் படையலுக்குள் பெரிய படம் வேண்டும் என்று யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அதில் மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர்தான் செத்தவர். அவர் தலையை மட்டும் கணினியில் வெட்டி எடுத்து, கண்ணைத் திறந்து, முடியை வாரி, நல்லதாக ஓர் உடம்பின் மேல் வைக்க வேண்டும். பெண்களுக்குப் பட்டுச்சேலை உடம்பு. ஆண்களுக்குக் கோட்டு உடம்பு. கடையில் அதற்குப் பெயரே அதுதான்.

லோரி ஓட்டியவர், சாக்கடை வெட்டியவர், பாசார் சந்தையில் ஆட்டுக்கறி வெட்டியவர் எல்லாருக்கும் கோட்டுதான். செத்த பிறகாவது ஓர் உத்தியோகம் கிடைக்கட்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. அதில் தப்புச் சொல்ல நான் யார்.

ஆரம்பத்தில் வேலாயுதம் ஏதோ ஒரு துணிக்கடைக் காலண்டரில் இருந்த வெள்ளைக்காரன் உடம்பைத்தான் வைத்துப் பார்த்தார். தோள் அலமாரி அகலம். அதன் மேல் நம் ஆட்களின் தலை, அலமாரி மேல் வைத்த தேங்காய் மாதிரி உட்கார்ந்திருந்தது. வாங்க வந்தவர்களே சிரித்துவிட்டார்கள், சாவு வீட்டுக்காரர்கள். நம் ஊர் உடம்பாக ஒன்று வேண்டும் என்று மனிதர் அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அண்ணிக்கும் அண்ணனுக்கும் கல்யாணம் ஆனது. போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் தினமும் வேலை முடிந்து அண்ணியைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வருவான். ஒருநாள் வேலாயுதம் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து தோளைத் தட்டிப் பார்த்திருக்கிறார், மாடு வாங்குகிறவர் மாதிரி.

பிரிக்பீல்ட்ஸில் மாப்பிள்ளைக் கோட்டு வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஒரு கோட்டு வந்தது. தன் கல்யாணத்துக்கே கோட்டுப் போடாதவன் என் அண்ணன். டை கட்டத் தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ ஒரு முடிச்சைப் போட்டார்கள். கீழே முழங்கால் தெரிகிற அரைச்சிலுவார், ரப்பர் ஜப்பான் சிலிப்பர். அந்தக் கோலத்தில் தன்னைக் கண்ணாடியில் பார்த்த அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நல்லா சிரி. தலை எனக்கு வேணாம்லா," என்றாராம் வேலாயுதம். அப்படி எடுத்த படம்தான் இருபது வருடத்துக்கும் மேல் கிள்ளானுக்கு உடம்பு கொடுத்தது.

அண்ணன் 2021இல் போய்விட்டான். நெஞ்சுவலி. லோரியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு அப்புறம்தான் போயிருக்கிறான். நோய்க் கட்டுப்பாட்டுக் காலம். சாவுக்கு நாலு பேர்கூட வரவிடவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

படம் வேண்டும் அல்லவா? அண்ணி கடைக்குப் போய்க் கணினியைத் திறந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக எதையும் வெட்ட வேண்டிய வேலையில்லை. தலையும் உடம்பும் ஒரே ஆளுடையது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, மூடிவிட்டார். தன் கைப்பேசியில் இருந்த வேறு ஒரு படத்தை எடுத்தார். கம்பெனி கொடுத்த ஆரஞ்சு நிறக் காலர் டீசட்டை, தோளில் கிரீஸ் கறை, லோரி ஜன்னலில் முழங்கை. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

என் அம்மா நல்லம்மாள் அதைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"ஊருல உள்ள பொணத்துக்கெல்லாம் கோட்டு மாட்டி விட்டியேடி. எம்மவனுக்கு ஒரு கோட்டுக்குப் பஞ்சமா? லோரிக்காரனாவே அனுப்பிட்டியே."

"ஊருல உள்ள கோட்டெல்லாம் அவருதான் அத்தை," என்றார் அண்ணி. "வீட்டுல இருக்குற ஒருத்தராவது தன் சட்டையில இருக்கட்டும்."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. படம் கூடத்தில் தொங்கியது. அம்மா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டிவி பார்த்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மருமகளிடம் சோறு வாங்கிச் சாப்பிடுவார், முகம் கொடுக்க மாட்டார். என் அம்மாவின் பிடிவாதத்தைப் பற்றி நான் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம்.

அடுத்த வருடம் கடைக்கு ஒருவர் பேனர் அடிக்க வந்தார். டாக்டர் அத்னான். கிள்ளான்காரர், தமிழ் முஸ்லிம், ஒரு பல்கலைக்கழகத்தில் கலைத்துறை விரிவுரையாளர். அண்ணியின் திரையில் ஒரே கோட்டு வரிசையாக நிற்பதைப் பார்த்திருக்கிறார், வேறு வேறு தலைகளோடு.

"அக்கா, இது எல்லாம் ஒரே ஆளா?"

"ஆமா. என் வீட்டுக்காரரு."

அத்னான் பேனரை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த நாட்டில் வேலை அனுபவத்தைக் காட்டி முதுகலையில் சேர ஒரு வழி இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அண்ணி தன் இருபத்தைந்து வருட வேலையை எடுத்துக்கொண்டு போய் நேர்காணலில் காட்டினார். அத்தனையும் செத்தவர்கள். சேர்த்துக்கொண்டார்கள்.

சொந்தக்காரர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "புருஷன் போயி ரெண்டு வருஷம் ஆவல, பைய மாட்டிக்கிட்டு காலேஜிக்குப் போறா பாரு" என்று ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா ஒருத்தி காதில் விழுகிற மாதிரி சொன்னாள். அண்ணி திரும்பி வந்து அவளுக்கு நேராக நின்றார். "அழுதுகிட்டு இருந்தா நீங்க வந்து தொடச்சி விடுவீங்களா பெரியம்மா? சொல்லுங்க, நாளைக்கே நின்னுடறேன்." பெரியம்மா பாயசத்தைக் குடிக்க ஆரம்பித்தாள்.

படிப்பு லேசாக இருக்கவில்லை. பகலில் கடை, வார இறுதியில் வகுப்பு. ஆங்கிலத்தில் தடி தடியாகப் புத்தகம். ஒருதரம் தவணை நீட்டி வாங்கியாயிற்று. இதுதான் கடைசித் தவணை, இதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இறுதிக் கண்காட்சியும், அதன் முன்னால் நின்று தேர்வாளர்களுக்குப் பதில் சொல்லும் வைவாவும்தான்.

"என்ன பண்ணப் போறீங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"உங்கண்ணன் எங்கெங்க தொங்குறாருன்னு பாக்கப் போறேன்," என்றார். "எல்லாரையும் ஒரே சுவத்துல கொண்டாந்து நிறுத்தப் போறேன்."

புதிதாக அச்சடிக்கலாமே என்றேன். முறைத்தார். வீட்டில் தொங்கின அதே படம்தான் வேண்டுமாம். கண்ணாடியில் வைத்த பொட்டும், ஊதுபத்திப் புகையும், பின்னால் கூடு கட்டிய பூச்சியும் அப்படியே வர வேண்டுமாம்.

செத்தவர் படத்தை ஆணியிலிருந்து இறக்கி வெளியே கொடுப்பது என்பது நம் வீடுகளில் சாதாரணக் காரியமா? அந்த மனிதரையே வீட்டை விட்டுத் துரத்துகிற மாதிரி. முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் கோப்பி கொடுத்துவிட்டுச் சாத்தினார்கள். அப்புறம்தான் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டு ஆட்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்று, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ வைத்து, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அழைத்தார்.

"அண்ணே, ரெண்டு வாரத்துக்கு வந்துட்டுப் போங்க. நானே பத்திரமா கொண்டாந்து விட்டுடறேன். உங்க கூடவே இத்தன வருஷமா இருக்காரே, அவருக்காக வாங்க."

முறையாக வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த பிறகு எந்த வீட்டில் போகாதே என்று சொல்வார்கள்? சுவர் காலியாக இருக்கக் கூடாது என்று, அதே அளவில் ஒரு நகலை ஆணியில் மாட்டிப் பொட்டு வைத்துவிட்டு வந்தார். என் காடியின் பின்சீட்டில் செத்தவர்களை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, பூச்சோங்கிலிருந்தும் காப்பாரிலிருந்தும் கொண்டுவந்தோம். டோல் சாவடியில் நிற்கும்போது பக்கத்துக் காடிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான்.

சுங்கை வேயில் மாதவி என்பவர் வீடு. அவருடைய அப்பா பழனியப்பன், குப்பை லோரியில் வேலை பார்த்தவர், 1999இல் இறந்தவர். அண்ணி கோட்டு உடம்பு வைத்த ஆரம்பப் படங்களில் ஒன்று. நெற்றிக்கு மேல் ஒரு கொத்து முடி மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். மாதவி, தன் ஒரே தம்பிக்குப் போன்கூடப் போடாமல், யோசிக்காமல் கொடுத்தார்.

"தம்பிகிட்ட கேக்க வேணாமா?" என்றேன்.

"அவன் வேணாம்னுதான் சொல்லுவான்," என்றார் மாதவி. "அப்பா சாகும்போது அவனுக்கு அஞ்சு வயசு. அவனுக்கு அப்பான்னா இந்தப் படம்தான். அப்பா கோட்டு போட்டு ஆபீஸ் போனவருன்னு ஸ்கூல்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். எங்கம்மாவும் சரி நானும் சரி, இல்லேன்னு சொல்லல. புள்ளை சந்தோசமா இருக்கட்டுமேன்னு விட்டுட்டோம்."

அந்தத் தம்பி ஜெயராஜை எனக்குத் தெரியும், முகத்தைத் தெரியும். வீடு விற்கும் ஏஜென்ட். சுபாங் ஜெயா பக்கம் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் அவன் படம்தான். இந்த வெயிலில் கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, முன்முடியை ஒரு கொத்தாகத் தூக்கி நிறுத்தியிருப்பான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கண்காட்சிக் கூடத்தின் நீளச் சுவரில் எல்லாரும் வரிசையாக ஏறினார்கள். வீட்டில் மாட்டுகிற மாதிரியே உயரத்தில், கொஞ்சம் முன்னால் சாய்ந்து. ஒரே கோட்டு, ஒரே டை, ஒரே சரிந்த முடிச்சு. தலைகள் மட்டும் வேறு. வரிசையின் கடைசியில் அந்தப் பழைய முழுப் படம்: மேலே கோட்டு, கீழே அரைச்சிலுவாரும் சிலிப்பரும், நடுவில் வாய் கொள்ளாமல் சிரிக்கிற என் அண்ணன். கீழே சின்னதாக ஓர் அட்டை. 'உடல்: என் கணவர், லோரி ஓட்டுநர்.' நான் அதன் முன்னால் நின்று ஓவென்று அழுதேன். அண்ணி அழவில்லை, ஸ்பிரிட் லெவலை வைத்துச் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ ஒரு மாணவர் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். வைவாவுக்கு முதல் நாள் அத்னான் போன் செய்தார். குரலே சரியில்லை.

"அக்கா, ஜெயராஜுன்னு ஒருத்தரு. ஆபீஸுக்குப் போன் பண்ணி, எங்கப்பாவ அவமானப்படுத்திட்டாங்க, போலீஸ் ரிப்போர்ட் போடுவேன்னு சத்தம் போடறாரு. மேல உள்ளவங்க பயப்படறாங்க. அந்த ஒரு படத்த மட்டும் எறக்கிடுங்கக்கா. மத்தது இருக்கட்டும். தகராறுன்னா நாளைக்கு வைவா நடக்காது. நடக்கலேன்னா உங்களுக்கு வேற தவணை இல்ல. உங்களுக்கே தெரியும்."

அண்ணி ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு, ஒரு படம்தானே அண்ணி, இறக்கிவிடுங்கள் என்று ஜாடை காட்டினேன்.

"டாக்டர், அவங்கக்கா கொடுத்தாங்க, நான் அழைச்சிட்டு வந்தேன்," என்றார் அண்ணி. "அழைச்சிட்டு வந்தவங்கள பாதியில எழுப்பி அனுப்ப மாட்டேன். இன்னிக்கு ஒண்ணு எறக்குனா நாளைக்கு இன்னொருத்தரு வருவாரு. என் புருஷன துண்டு துண்டா எடுத்துட்டுப் போறதுக்கா இத்தன பாடுபட்டேன்?"

"பட்டம் போயிடும்கா."

"போவட்டும். அவர எறக்கிட்டு வாங்குற பட்டத்த நான் எங்க கொண்டுபோய் மாட்டறது?"

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினார். அவருக்கு அந்தப் பட்டம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் போன பிறகு, காலையில் எழுந்திருக்க அவருக்கு இருந்த ஒரே காரணம் அது.

மறுநாள் காலை தேர்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். உள்ளூர்ச் சீனர் ஒருவர். பினாங்கிலிருந்து வந்த மலாய்க்கார அம்மா ஒருவர், அவர்தான் தலைமைத் தேர்வாளர். அண்ணி பேச வாயெடுத்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயராஜ் வந்தான். கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, தூக்கிய முடி. விளக்குக் கம்பத்திலிருந்து இறங்கி வந்த மாதிரியே இருந்தான்.

"யாரு இங்க சீதாலெட்சுமி?"

"நான்தான் தம்பி. பசியாறிட்டீங்களா?"

"அதெல்லாம் இருக்கட்டும் ஆன்டி. யாரக் கேட்டு எங்கப்பா படத்த எடுத்தாந்தீங்க?"

"உங்கக்காவ கேட்டேன். உங்கப்பாவையும் கேட்டேன். வெத்தல பாக்கு வச்சித்தான் கூட்டியாந்தேன்."

"எங்கப்பா கோட்டு போட்டு வாழ்ந்த மனுஷன். அவர் படத்த மாட்டி, ஒரு லோரி டிரைவர் உடம்புன்னு எழுதி வச்சிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. லோரி டிரைவர் என்றால் அவ்வளவு கேவலமா என்று எழுந்தேன். அண்ணி என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி உட்கார வைத்தார். அத்னான் குறுக்கே வரப் பார்த்தார். பினாங்கு அம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

அண்ணி ஸ்டூல் போட்டு ஏறி, பழனியப்பன் படத்தை ஆணியிலிருந்து இறக்கினார். மேசையில் கவிழ்த்துப் பின்பலகையைக் கழற்றினார். படத்தை வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்தார். பைக்குள்ளிருந்து கடைக் கத்திரிக்கோலை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"தலை உங்கப்பாவோடது தம்பி. வெட்டி எடுத்துக்குங்க. உடம்ப வச்சுட்டுப் போங்க. அது என் வீட்டுக்காரரோடது."

ஜெயராஜ் கத்திரிக்கோலைப் பார்த்தான். அப்புறம்தான் முதல்தடவையாகச் சுவரைப் பார்த்தான். ஒவ்வொரு கோட்டாக, ஒவ்வொரு டையாக அவன் கண் போனது. கடைசியில் என் அண்ணன் சிலிப்பர் வரைக்கும் போய் நின்றது. அவன் கை தானாகத் தன் டையைத் தொட்டது.

"அப்ப கோட்டு..." என்றான். "கோட்டு உங்க வீட்டுக்காரரோடதா?"

"அதுவும் இல்ல. பிரிக்பீல்ட்ஸ்ல எடுத்த வாடகைக் கோட்டு."

கேட்க விருப்பமில்லாமல் கேட்கிற குரலில், "எங்கப்பா என்ன சட்டதான் போட்டிருந்தாரு?" என்றான்.

"சட்டையே போடல. பனியன். வீட்டு வாசல்ல, அரைச்சிலுவாரோட நின்ன படம். உங்கம்மா கொண்டாந்தாங்க. தோளு மேல ஒரு சின்னப் பையன் உக்காந்திருந்தான். விழுந்துடுவோம்னு பயம் போல, அப்பா முடிய கொத்தா புடிச்சிக்கிட்டு இருந்தான்." அண்ணி படத்தில் அந்த இடத்தில் விரலை வைத்தார். "நான் அப்பத்தான் கம்ப்யூட்டர் பழகிக்கிட்டிருந்தேன். பையன எடுத்துட்டேன். விரல ஒண்ணொண்ணா எடுத்துட்டேன். முடிய மட்டும் படிய வைக்க முடியல. எவ்வளவோ அமுக்கிப் பாத்தேன். பாஸ் போதும் விடுன்னுட்டாரு."

"அந்தப் படம்?"

"உங்கம்மா திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"அம்மா பெட்டியெல்லாம் வெள்ளத்துல போச்சு," என்றான். அவன் கை டையை விட்டுத் தன் நெற்றிக்கு மேலே போனது. அப்பா மாதிரி என்று இத்தனை வருடம் சீவித் தூக்கி வைத்த அந்த முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். முப்பது வயது ஆள், கோட்டும் சூட்டுமாக. அவன் மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அண்ணி இதை இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணிக்கு மெதுவாகச் சொல்ல வராது.

படத்தை மறுபடி சட்டத்துக்குள் வைத்து மூடியது ஜெயராஜ்தான். ஸ்டூலில் ஏறி ஆணியில் மாட்டியதும் அவன்தான். இறங்கி, சாய்வு சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்தான்.

"ரெண்டு வாரம்னு அக்கா சொல்லிச்சி. முடிஞ்சதும் நானே வந்து எடுத்துக்கறேன் ஆன்டி."

கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். முதுகு முழுக்க வேர்வை.

பினாங்கு அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணியிடம் திரும்பினார். மலாயில்தான் கேட்டார். "அறிக்கை முழுக்க 'என் கணவர்' 'என் கணவர்' என்றே எழுதியிருக்கிறீர்கள். சுவரிலும் அப்படித்தான். இத்தனை பேருக்கு உடம்பு கொடுத்தவருக்குப் பெயர் இல்லையா?"

ஜெயராஜிடம் நடுங்காத அண்ணி இதற்குத் திணறினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணி அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவரு, வீட்டுக்காரரு, உங்கண்ணன். என் அம்மா வளர்த்த வழக்கம் அது. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். நான் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். மறுபடியும் கையைக் காட்டினார்.

"லோகன்," என்றார் அண்ணி. கூடம் முழுக்கக் கேட்கும்படி. "லோரி டிரைவர் லோகன். இனிமே கொறையறதுக்கு அவருக்கு ஆயுசு ஒண்ணும் பாக்கி இல்ல. லோகன்."

எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசினார்கள். பிறகு கூப்பிட்டார்கள். தேர்ச்சி, ஒரே ஒரு திருத்தத்தோடு: 'என் கணவர்' என்று இருக்கிற இடத்தில் எல்லாம் பெயர் வர வேண்டும். அண்ணி அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே புது அட்டை ஒட்டினார். தலை: பழனியப்பன். உடம்பு: லோகன். வரிசை முடிகிறவரை லோகன், லோகன், லோகன். நான்தான் பசை தடவிக் கொடுத்தேன்.

அம்மாவிடம் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பேரையா சொன்னா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் கண்காட்சிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். முழங்கால் வலியோடு அந்தச் சுவர் நெடுக நடந்து, எக்கி எக்கி ஒவ்வொரு கோட்டின் தோளையும் கண்ணாடிக்கு மேலே தடவிக்கொண்டே போனார்.

பட்டமளிப்பு விழா வந்தது. அங்கியும் வாடகைதான், ஒரே அங்கி, தலைகள்தான் வேறு. அண்ணி சேலை கட்டவில்லை. அங்கிக்கு உள்ளே என் அண்ணனின் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். கழுத்தில் காலர் எட்டிப் பார்க்க, யார் என்ன நினைத்தால் என்ன என்று மேடையேறிச் சுருளை வாங்கினார்.

அன்று மாலை அந்த மேடைப் படத்தைப் பெரிதாக்க அம்மாவும் அண்ணியும் நானும் வேலா கடைக்குப் போனோம். வேலாயுதம் திரையில் உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் அழகா இருக்கு சீத்தா. இந்த ஆரஞ்சுக் காலர்தான் கண்ண உறுத்துது. ரெண்டு நிமிசம், நல்ல பட்டுச்சேலை கழுத்தா மாத்திடறேன்," என்று மவுஸைப் பிடித்தார்.

அண்ணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் அம்மா கைத்தடியைக் கவுன்டர் மேல் தட்டினார்.

"வேலாயுதம். அதுல கைய வச்ச, மணிக்கட்டோட வெட்டிருவேன். அது எம்மவன் சட்ட."